பாண்டியர் அவையில் ஒரு குதிரை வணிகர்: அமைச்சர் தகியுத்தீன் அப்துர் ரகுமான்

முன்னுரை

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது கந்தர்வக்கோட்டை. இவ்வட்டாரத்து ஊர்களின் எல்லையில், ஏரிக்கரையிலோ தோப்பிலோ, அய்யனார் கோயில் ஒன்று இருக்கக் காணலாம். அக்கோயிலின் முன்னே சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கும். மழையூர் போன்ற ஊர்களின் வேளார் பெருமக்கள் வழிவழியாக வனைந்து வரும் இக்குதிரைகளுக்குத் தீனி வேண்டா, தண்ணீர் வேண்டா, மருத்துவமும் வேண்டா. ஆனால் இம்மண் குதிரைகளுக்கு மாதிரியாய் நின்ற உயிர்க் குதிரைகள் அத்தகையன அல்ல. அவை கடல் கடந்து வந்தவை. பொன் கொடுத்து வாங்கப் பெற்றவை. வந்த வேகத்திலேயே மடிந்தவை. ஏன் மடிந்தன? இவ்வினாவிற்கு விடை தேடுவோர், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியப் பேரரசின் துறைமுகங்களை ஆண்ட ஒரு முசுலிம் பெருமகனாரின் வாழ்க்கையைக் கற்றே ஆக வேண்டும். அவரே தகியுத்தீன் அப்துர் ரகுமான்.

தமிழக முசுலிம்களின் வரலாற்றைப் பேசும் மேடைகளில் இவர் பெயர் பெருமிதத்தோடு சொல்லப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். சைவம் போற்றிய பாண்டியன் அவையில் ஒரு முசுலிம் அமைச்சராய் வீற்றிருந்தார் என்பது பெருமைக்குரிய செய்தியே. எனினும் பெருமையோடு நின்றுவிடாமல், அவர் செய்த தொழிலின் உள்ளும் புறமும் ஆராய்வது நம் கடமையாகும். அவ்வாராய்ச்சி குதிரையின் வயிற்றினுள்ளும் புகுந்து பார்க்க வேண்டியதாய் இருப்பதே இக்கட்டுரையின் புதுமை.

தமிழகமும் பரியும்

குதிரை தமிழ் மண்ணுக்குரிய விலங்கன்று. சங்க காலத்திலேயே அது கடல்வழி வந்தது என்பதற்குப் பட்டினப்பாலை சான்று பகர்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச்செட்டி என்னும் வணிகப் பெயர் காணப்படுகிறது. நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலே மணிவாசகரின் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு சென்ற அமைச்சர், அப்பொன்னைக் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளானதும், இறைவனே குதிரை வணிகனாய் வந்ததும் தமிழ் மக்கள் அனைவரும் அறிந்த கதை. குதிரை கொண்டு வருபவனையும் குதிரை மேல் வருபவனையும் இராவுத்தன் என வழங்கும் வழக்கு தமிழில் வேரூன்றியது. அருணகிரிநாதர் முருகப் பெருமானையே அச்சொல்லால் அழைக்கிறார். இன்று இராவுத்தர் என்பது தமிழ் முசுலிம்களில் ஒரு பெரும் பிரிவினரின் பெயர் என்பதை யாவரும் அறிவர். ஆக, குதிரை வணிகம் என்பது இரு சமயத்தாரின் நினைவிலும் கலந்து நிற்கும் பொதுச் செல்வமாகும்.

பிறப்பும் குடியும்

தகியுத்தீனின் தந்தையார் பெயர் முகம்மது அத்தீபீ. இவர் குடும்பம் பாரசீக வளைகுடாவில் உள்ள கீசு என்னும் சிறு தீவில் தலைமை பெற்று விளங்கியது. தகியுத்தீனின் உடன்பிறந்தாரான சமாலுத்தீன் இப்ராகீம், மலிக்குல் இசுலாம் என்னும் சிறப்புப் பெயர் பூண்டு, அத்தீவின் தலைவராகவும் பாரசீக நாட்டின் வரிப் பொறுப்பாளருள் ஒருவராகவும் இருந்தார். அக்காலத்தில் பாரசீகம் மங்கோலியர் ஆட்சியின் கீழ் இருந்தது. பக்தாது நகரம் 1258ஆம் ஆண்டில் வீழ்ந்தபின், வளைகுடாவின் தீவுகளும் துறைகளும் கடல் வணிகத்தின் நடுவிடங்களாயின. சீனப் பட்டும், சாவக நாட்டு நறுமணப் பொருளும், தமிழகத்து முத்தும் கீசுத் தீவில் வந்து குவிந்தன. அங்கிருந்து தமிழகம் நோக்கி வந்த பொருள்களுள் தலையாயது குதிரை.

அண்ணன் தம்பியர் இருவரும் கடலின் இரு கரைகளிலும் அமர்ந்து ஒரே வணிகத்தை நடத்தினர். ஒருவர் கீசுத் தீவில் குதிரைகளை ஏற்றினார். மற்றொருவர் தமிழகக் கரையில் அவற்றை இறக்கினார். இதனினும் உறுதியான வணிக ஏற்பாடு ஒன்று அந்நாளில் இருந்திருக்க இயலாது.

அமைச்சுப் பொறுப்பு

முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268இல் அரியணை ஏறினான். அவன் காலத்தில் பாண்டிய நாட்டை உடன்பிறந்தார் பலர் பகுதி பகுதியாய் ஆண்டனர் என்பதை அயல்நாட்டார் குறிப்புகள் காட்டுகின்றன. அரபு, பாரசீக நூலார் நம் கீழைக் கடற்கரையை மஅபர் என வழங்கினர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். அம்மஅபரை ஆண்டோருள் ஒருவனாகிய சுந்தர பாண்டியன், தகியுத்தீனைத் தன் அமைச்சராகவும் ஆலோசகராகவும் அமர்த்திக் கொண்டான். பத்தன், மலீபத்தன், காயல் ஆகிய மூன்று துறைமுகங்கள் அவர் பொறுப்பில் விடப்பட்டன. இவற்றுள் காயல், தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்தில் இருந்த பழைய காயலாகும். பத்தன் என்பது இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம் என அறிஞர் பலர் கருதுவர்.

இச்செய்திகளை நமக்கு வழங்குபவர் சீராசு நகரத்து வரலாற்றாசிரியர் அப்துல்லா வசாப். இவர் தகியுத்தீனின் காலத்தவர். பாரசீக நாட்டு வரித்துறையோடு தொடர்புடையவர். வணிகக் கணக்குகளை அறிந்தவர். மற்றொரு சான்று வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. அவர் சீனத்திலிருந்து திரும்பும் வழியில், ஏறக்குறைய 1292-93ஆம் ஆண்டுகளில், நம் கடற்கரையைக் கண்டார். ஒருவர் முசுலிம், மற்றவர் கிறித்தவர். ஒருவர் மேற்குக் கரையிலிருந்து வணிகரின் வாய்மொழி கேட்டு எழுதியவர், மற்றவர் நேரில் வந்தவர். ஒருவர் நூலை மற்றவர் கண்டிலர். ஆயினும் குதிரையைப் பற்றி இருவர் கூறுவனவும் வியக்கத்தக்க அளவில் ஒத்துச் செல்கின்றன.

ஒப்பந்தமும் ஊதியமும்

மலிக்குல் இசுலாம் சமாலுத்தீன் ஆண்டுதோறும் கீசுத் தீவிலிருந்து தம் சொந்த வளர்ப்பில் உள்ள 1400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். கதீபு, லகுசா, பகுரைன், ஓர்முசு, கல்காத்து முதலிய இடங்களில் கிடைக்கும் குதிரைகளையும் இயன்ற அளவு சேர்த்து அனுப்பலாம். ஒரு குதிரைக்கு விலை 220 செம்பொன் தீனார். இவ்விலை பழங்காலந்தொட்டு வகுக்கப்பட்டிருந்தது. 1400 குதிரைகளுக்கு மட்டும் கணக்கிட்டால் 3,08,000 தீனார் ஆகிறது. அபூபக்கர் என்னும் அத்தாபேக்கு மன்னர் பாரசீகத்தை ஆண்ட காலத்தில் (1226-1260) மஅபர், கம்பாயத்து முதலிய துறைகளுக்கு ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் ஏற்றப்பட்டன என்றும், அவற்றின் விலை 22,00,000 தீனார் என்றும் வசாப் கணக்குத் தருகிறார். இத்தொகையின் ஒரு பகுதி கோயில் வருவாயின் மிகுதியிலிருந்து கொடுக்கப்பட்டது என்பதும் அவர் தரும் செய்தியே. மார்க்கோ போலோவோ, பாண்டிய மன்னன் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்குக் குறையாமல் வாங்கினான் என்றும், அவனுடைய உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்கினர் என்றும் எழுதுகிறார். ஐவரின் கொள்முதலையும் கூட்டினால் அதே 10,000 வருவது ஈண்டு எண்ணத்தக்கது.

ஒப்பந்தத்தில் மற்றொரு விதியும் இருந்தது. கடற்பயணத்தில் ஊறுபட்ட குதிரைக்கும் இறந்த குதிரைக்கும் உரிய விலை அரசுக் கருவூலத்திலிருந்தே கொடுக்கப்பட வேண்டும் என்பதே அது. அந்நாளைய மரக்கலங்களில் குதிரைகள் வாரக் கணக்கில் அசைய இடமின்றி நின்றே வந்தன. காற்று மாறினால் குடிநீர் குறையும். அலை உயர்ந்தால் கால் முறியும். இவ்விடர் அனைத்தையும் கருவூலம் ஏற்றுக் கொண்டமையால், அனுப்பியவருக்கு இழப்பென்பதே இல்லை. வாணிகத்தின் நோக்கில் இது திறமையான உடன்படிக்கை. ஆனால் குதிரையின் நோக்கில் எண்ணிப் பார்த்தால், அது உயிரோடு கரை சேர வேண்டும் என்னும் அக்கறை யாருக்கு இருந்தது என்னும் வினா எழாமல் இராது.

கரை சேர்ந்தபின் நேர்ந்தது

வந்து சேர்ந்த குதிரைகளுக்கு என்ன உணவு கொடுக்கப்பட்டது? இங்குத்தான் இரு நூலாரும் நமக்குப் பேருதவி புரிகின்றனர். பச்சை வாற்கோதுமைக்கு மாறாக, வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் கொடுத்தார்கள். காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கச் செய்தார்கள் என்கிறார் வசாப். குதிரை கொழுக்க வேண்டும் என்பதற்காக நாற்பது நாள் கயிறும் முளையும் கொண்டு கொட்டிலில் கட்டி வைத்தனர். பின்னர்ப் பயிற்சி ஏதும் அளிக்காமல், அங்கவடி முதலிய கருவிகளும் இன்றி, வீரர் அதன்மேல் ஏறிக் கடுமையாக ஓட்டினர். வலிமையும் விரைவும் மிக்க குதிரைகள் சின்னாளில் தளர்ந்து மந்தமாயின. ஆகவே ஆண்டுதோறும் புதுக் குதிரை வேண்டியதாயிற்று. மார்க்கோ போலோ, இறைச்சி சேர்த்து வேகவைத்த சோற்றைக் குதிரைகளுக்கு ஊட்டினர் என்கிறார். ஆண்டு முடிவில் அத்துணைக் குதிரைகளுள் நூறுகூடத் தேறவில்லை என்றும், நல்ல குதிரைக்கும் நல்ல குதிரைக்கும் பிறந்த குட்டிகூடக் கால் கோணிப் பயனற்றதாய்ப் பிறந்தது என்றும் அவர் எழுதுகிறார்.

இவற்றைப் படித்து நம் முன்னோர் அறிவிலிகள் என முடிவு கட்டலாகாது. நெய்யும் பாலும் சோறும் இறைச்சியும் மனிதன் தன் மகனுக்கு ஊட்டும் உயர்ந்த உணவுகள். பொன்னுக்குப் பொன்னாக வாங்கிய விலங்கைத் தம் பிள்ளை போலவே பேணினர் என்பதே உண்மை. அன்பு குறைவுபடவில்லை. குதிரையின் வயிறு மனிதனின் வயிறன்று, மாட்டின் வயிறுமன்று என்னும் அறிவே குறைந்திருந்தது.

குதிரையின் குடல்

இன்றைய கால்நடை மருத்துவம் இதனை நன்கு விளக்குகிறது. மாடு இரை மீட்கும் விலங்கு. அதன் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளும் பெரிய குதிர். குதிரைக்கோ இரைப்பை மிகச் சிறியது. ஏறக்குறைய 8 முதல் 15 லிட்டர் அளவே கொள்ளும். எனவே பகலெல்லாம் சிறிது சிறிதாக மேய்வதற்கென்றே அது படைக்கப்பட்டுள்ளது. அதனால் வாந்தி எடுக்கவும் இயலாது. மிகுதியாக உண்ட உணவு இரைப்பையில் பொங்கினால் மேலே வர வழியில்லை. இரைப்பை கிழிந்து இறப்பதும் உண்டு. மெல்லும்போது மட்டுமே குதிரைக்கு உமிழ்நீர் நன்கு சுரக்கும். உலர்புல்லை நெடுநேரம் மெல்லும் குதிரைக்கு உமிழ்நீர் பெருகி இரைப்பையின் புளிப்பைத் தணிக்கும். மென்மையான சோற்றை விழுங்கும் குதிரைக்கு அந்நன்மை கிட்டாது.

புல்லின் நார் செரிப்பது இரைப்பையில் அன்று. குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலுமே ஆகும். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச் செய்து குதிரைக்கு ஆற்றல் தருகின்றன. ஒரே வேளையில் மிகுதியாகத் தானியம் கொடுத்தால், சிறுகுடலில் செரியாத மாப்பொருள் பெருங்குடலுக்குள் வழிந்து விடும். அங்குப் புளிப்பு மிகும். நல்ல நுண்ணுயிர்கள் மடியும். நச்சுப் பொருள்கள் குருதியில் கலக்கும். அதன் விளைவு கொடிய வயிற்றுவலி. அதனோடு குளம்பின் உட்புறம் வீங்கிக் குதிரை நிற்கவும் முடியாத குளம்பு அழற்சி. குதிரை தளர்ந்து மந்தமாகிப் பயனற்றுப் போனது என்னும் பழைய குறிப்பிற்கு இதனினும் பொருந்திய விளக்கம் வேண்டுவதில்லை.

மேலும் சில நுட்பங்களை நோக்குவோம். வறுத்தலும் வேகவைத்தலும் தம்மளவில் குற்றமல்ல. வெந்த தானியம் எளிதில் செரிக்கும். குற்றம் அளவிலும், நார் உணவு இன்மையிலும், திடீர் மாற்றத்திலும் இருந்தது. வளர்ந்த குதிரையின் குடலில் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி மிகவும் குறைந்துவிடும். பால் கொடுத்தால் கழிச்சல் காணும். குதிரைக்குப் பித்தப்பை இல்லை. கொழுப்பைச் சிறிது சிறிதாகப் பழக்கினால் ஏற்கும், திடீரென ஊட்டினால் ஏலாது. அரிசியிலும் தவிட்டிலும் பாசுபரசு மிகுதி, சுண்ணச்சத்துக் குறைவு. அவற்றையே உண்டு வாழும் குதிரை தன் எலும்பிலிருந்து சுண்ணச்சத்தை இழக்கும், எலும்பு நலியும், வளரும் குட்டிகளின் கால்களும் கெடும். கோணற்கால் குட்டிகளைப் பற்றிய வெனிசு வணிகரின் குறிப்பை இவ்வறிவின் ஒளியில் படிக்க வேண்டும்.

நாற்பது நாள் கட்டி வைத்துக் கொழுக்கத் தீனி இட்டபின் ஒரு நாள் திடீரெனக் கடுமையாக ஓட்டியதும் கேடே. ஓய்ந்து நின்று முழுத் தீனி தின்ற குதிரையை உடனே வேலையில் பூட்டினால், தொடைத் தசைகள் கட்டைபோல் இறுகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, குதிரை விழுந்துவிடும். ஐரோப்பாவில் ஞாயிறு முழுதும் ஓய்ந்து நின்ற வண்டிக் குதிரைகள் திங்கட்கிழமை காலையில் இவ்வாறு விழுந்தமையால் அந்நோய்க்கு அக்கிழமையின் பெயரே ஏற்பட்டது. ஒரு நாள் ஓய்வுக்கே அக்கேடு எனில், நாற்பது நாள் ஓய்வுக்கு எத்துணைக் கேடு விளைந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம்.

முசுலிம் உலகின் குதிரை மருத்துவம்

குதிரையைப் பேணும் அறிவு அந்நாளில் உலகில் இல்லாமல் இல்லை. திருக்குர்ஆனில் நூறாவது அத்தியாயமான ஆதியாத், விரைந்தோடும் குதிரைகளின் மேல் ஆணையிட்டே தொடங்குகிறது. பூனையைக் கட்டி வைத்து உணவிடாமல் கொன்ற பெண் தண்டனைக்குரியவள் ஆனாள் என்பதும், தாகித்த நாய்க்கு நீர் வார்த்தவர் மன்னிப்புப் பெற்றார் என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனைகளுள் சிறுவரும் அறிந்தவை. இவ்வடிப்படையில் வளர்ந்த முசுலிம் உலகில் பைத்தார் என்னும் விலங்கு மருத்துவர் மதிப்போடு வாழ்ந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அப்பாசியக் கலீபாவின் குதிரை இலாயத்தைக் கண்காணித்த இப்னு அகீ கிசாம் குதிரை மருத்துவம் பற்றி அரபு மொழியில் நூல் இயற்றினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆந்தலூசியாவின் செவீல் நகரத்து இப்னுல் அவ்வாம், தம் வேளாண்மைப் பெருநூலில் குதிரைக்கும் இடம் தந்தார். தகியுத்தீன் மறைந்தபின் எகிப்திய சுல்தான் அந்நாசிர் முகம்மதின் குதிரை மருத்துவராகிய அபூபக்கர் அல்பைத்தார் குதிரை வளர்ப்பும் மருத்துவமும் பற்றிய புகழ்மிக்க நூலை எழுதினார்.

நம் நாட்டிலும் சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வழங்கும் பரிநூல்கள் இருந்தன. நகுலன் பெயரிலான அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் வண்ணப் படங்களுடன் பதிப்பித்துள்ளது. கந்தர்வக்கோட்டை மாணவர் ஒருவர் பேருந்தேறினால் அந்நூலகத்தை அன்றே கண்டு திரும்பலாம்.

அறிவு இருந்தது, ஆனால் குதிரையோடு அது கப்பலேறவில்லை. குதிரை மருத்துவரைத் தாமும் அழைத்து வராமல், பிறர் வருவதையும் விரும்பாமல் வணிகர் தடுத்தனர் என்றும், குதிரைகள் மடிவதே அவர்களுக்கு உவப்பாயிருந்தது என்றும் மார்க்கோ போலோ குற்றம் சாட்டுகிறார். அவர் எவர் பெயரையும் சுட்டவில்லை. ஓர்முசு, கீசு, ஏடன், தோபார் முதலிய துறைகளின் வணிகர் அனைவரையும் சேர்த்தே கூறுகிறார். மேலும் அவரும் ஒரு வணிகரே. போட்டி மனப்பான்மை அவர் எழுத்தில் கலந்திருக்கலாம். ஆயினும் இக்குற்றச்சாட்டை நாம் ஒதுக்கித் தள்ளலாகாது. ஏனெனில் ஆண்டுதோறும் புதுக் குதிரை வேண்டியதாயிற்று என்பதை முசுலிம் நூலாராகிய வசாபும் மறைக்கவில்லை.

நிறையும் குறையும்

தகியுத்தீனை எவ்வாறு மதிப்பிடுவது? அவர் அறிவாற்றல் மிக்கவர் என்பதில் ஐயமில்லை. சமயம் வேறு, மொழி வேறு, நாடு வேறு என்றிருந்தும், ஒரு பேரரசின் கடல் வாயில்கள் மூன்றும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டன. 1293இல் (ஹிஜ்ரி 692) மன்னன் இறந்தபோது, பொன்னும் மணியும் சுமந்த 7000 எருதுகள் அவன் உடன்பிறந்தானுக்குச் சேர்ந்தன என்கிறார் வசாப். ஆட்சி மாறியும் தகியுத்தீனின் அமைச்சு மாறவில்லை. அவர் செல்வாக்கு முன்னினும் பன்மடங்கு ஓங்கியது. அடுத்தடுத்த இரு மன்னரின் நம்பிக்கையை ஓர் அயலவர் பெற்றார் எனின், அவர் கணக்கிலும் சொல்லிலும் நாணயம் தவறாதவராகவே இருந்திருக்க வேண்டும். பாண்டிய மன்னரின் பெருந்தன்மையும் இதனால் புலப்படுகிறது.

எனினும் நாணயம் என்பது எண்ணிக்கையோடு முடிவதன்று. விற்ற பொருளின் குணம் எது, அதனைப் பேணும் முறை எது என வாங்குவோனுக்கு உரைப்பதும் நாணயத்தின் பாற்பட்டதே. பொருளின் குறையை மறைத்து விற்றலாகாது என்பது இசுலாமிய வணிக அறத்தின் அடிப்படை. பேணும் முறையை மறைப்பதும் அதனோடு ஒத்த குற்றமே என்பது எம் கருத்து. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான குதிரைகளோடு நான்கு பைத்தார்களும் அத்துறைகளில் வந்து இறங்கியிருப்பின், எத்துணை வாயில்லா உயிர்கள் வதை நீங்கியிருக்கும்! எத்துணைப் பொன் நாட்டிலேயே தங்கியிருக்கும்! அமைச்சர் என்ற நிலையில் கருவூலத்தைக் காக்கும் கடமையும், வணிகர் என்ற நிலையில் குதிரை விற்கும் ஆவலும் ஒருவரிடமே கூடியிருந்தன. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மாறுபடும்போது எது வெல்லும் என்பது எக்காலத்துக்கும் உரிய சோதனையாகும்.

பழி ஒரு பக்கத்ததே அன்று என்பதையும் நடுநிலையோடு கூற வேண்டும். வாங்கிய அரசர்களும் கேட்டிருக்கலாம். குதிரை மடிந்தால் மற்றொரு குதிரை வாங்கலாம் என்னும் செல்வச் செருக்கு, கற்றுக்கொள்ளும் ஆவலை அவித்துவிட்டது. முத்துக்குளித்துறை தந்த செல்வம் உள்ளவரை அறியாமைக்கு விலை கொடுக்க முடிந்தது.

மறைவும் பின்னும்

தகியுத்தீன் ஹிஜ்ரி 702இல், அதாவது கி.பி. 1302-03இல் மறைந்தார். அவர் உடல் இம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய உடன்பிறந்தார் மகன் பக்ருத்தீன் அகமது, சீனப் பேரரசரிடம் தூது சென்று திரும்புகையில் மஅபர் கரைக்கு அருகே ஹிஜ்ரி 704இல் இறந்தபோது, சிறிய தந்தையின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் பெற்றார். தகியுத்தீனின் செல்வத்தைக் கைக்கொள்ள மன்னன் எண்ணினான். மகன் சிராசுத்தீன் 2,00,000 தீனார் கொடுத்து மன்னனின் மனத்தைக் குளிர்வித்து, தந்தையின் செல்வத்தையும் பதவியையும் ஒருங்கே பெற்றார்.

ஆனால் காலம் வேறொன்றை எண்ணியிருந்தது. 1310இல் குலசேகர பாண்டியன் தன் மகன் சுந்தர பாண்டியனாலேயே கொல்லப்பட்டான். சுந்தரனும் வீரனும் அரியணைக்காகப் போரிட்டனர். மறு ஆண்டு மாலிக் கபூரின் தில்லிப் படை மதுரையை அடைந்தது. அத்தென்னாட்டுப் படையெடுப்பில் கைப்பற்றப்பட்டவை 512 யானைகளும் 5000 குதிரைகளும் எனக் கவிஞர் அமீர் குசுரூ பதிவு செய்துள்ளார். பொன்னாய்க் கொட்டி வாங்கிய பரிகளுள் எஞ்சியவை, வாங்கியோருக்கும் பயன்படவில்லை, விற்றோருக்கும் பயன்படவில்லை.

நாம் கற்க வேண்டியவை

பாண்டியர் கடல் கடந்து தேடிய குதிரைக்கு ஏற்ற தீனி, அவர்தம் வயல் வரப்பிலேயே விளைந்து கிடந்தது என்பது இவ்வரலாற்றின் வியப்பு. அறுகம்புல்லினும் சிறந்த குதிரைப் புல் இந்நாட்டில் இல்லை. பிற்காலத்தில் ஆங்கிலேயரின் குதிரைப்படையில், அறுகம்புல்லை வேரோடு செதுக்கி மண் போக உதறிக் கொணர்வதற்கென்றே புல்லுக்காரர்கள் அமர்த்தப்பட்டனர். சென்னை மாகாணத்தில் குதிரைக்குரிய தானியமாய் நிலைபெற்றது வேகவைத்த கொள். கந்தர்வக்கோட்டை போன்ற வானம் பார்த்த பூமியிலும் விளையக்கூடிய எளிய பயறு அது. ஆங்கில மொழியில் அதன் பெயரே குதிரைப் பயறு என்றாயிற்று. கொழுத்தவனுக்குக் கொள் என நம் பழமொழி கூறும் மருத்துவமும் ஈண்டு நினைத்தற்குரியது.

குதிரையைப் பேணும் முறையை இன்றைய அறிவு சில விதிகளாகச் சுருக்கித் தருகிறது. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ உலர்புல்லோ அதற்கு ஈடான பசும்புல்லோ வேண்டும். புல்லே உணவு, தானியம் அதற்குத் துணை. தானியம் ஒரு வேளைக்கு 2 கிலோவிற்கு மிகலாகாது. இரண்டு மூன்று வேளையாய்ப் பகிர்ந்து கொடுத்தல் நன்று. கொள்ளை ஊறவைத்தும் வேகவைத்தும், அன்றன்று ஆக்கியதாகவே கொடுக்க வேண்டும்; புளித்ததும் பூசணம் பூத்ததும் நஞ்சாகும். தீனியை மாற்ற நேர்ந்தால் ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாய்க் கலந்து பழக்க வேண்டும். தூய நீர் எந்நேரமும் கிடைக்க வேண்டும். வியர்வையில் கழியும் உப்பை ஈடு செய்ய உப்பும் வேண்டும். தீனி தின்றவுடன் ஓட்டலாகாது. ஓய்ந்து நிற்கும் நாளில் தானியத்தைக் குறைக்க வேண்டும். நாள்தோறும் நடையும் மேய்ச்சலும் இருந்தால் குடல் தானே இயங்கும். குதிரை தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, காலால் வயிற்றை உதைத்தாலோ, புரண்டாலோ, சாணமிடாமல் நின்றாலோ, வீட்டு மருந்து பார்த்துக் காலம் கடத்தாமல் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

இவ்விதிகளில் விலை உயர்ந்தது ஒன்றும் இல்லை. 220 தீனார் கொடுத்தவனுக்கு அறுகம்புல் ஒரு பொருட்டன்று. கேட்டறியும் பணிவும் சொல்லிக்கொடுக்கும் மனமும் மட்டுமே குறைவாயிருந்தன.

முடிவுரை

தகியுத்தீன் அப்துர் ரகுமானின் வாழ்க்கை நம் சமூகத்தின் பெருமைகளுள் ஒன்று. சமயம் கடந்த நம்பிக்கைக்கு அது சான்று. கடல் கடந்த முயற்சிக்கு எடுத்துக்காட்டு. அதேபோழ்து, அறிவைப் பொருளோடு சேர்த்து வழங்காத வணிகம் முழுமையுறாது என்பதற்கும் அதுவே பாடம். இன்று நம் மாணவர் வெளிநாடு சென்று பொருள் ஈட்டுகின்றனர். ஊர் திரும்பி வணிகம் செய்கின்றனர். ஆசிரியராகவும் மருத்துவராகவும் அலுவலராகவும் பணியாற்றுகின்றனர். அவர்கள் எதை விற்றாலும், எதைக் கொடுத்தாலும், அதனைப் பேணும் அறிவையும் உடன் கொடுப்பாராக. வாங்குவோரும் வெட்கமின்றிக் கேட்டறிவாராக. வாயில்லா உயிர்களின் பசியை அவற்றின் இயல்பறிந்து தீர்ப்பதும் ஒரு வணக்கமே என்பதை நெஞ்சில் நிறுத்துவோமாக. எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் துணை புரிவானாக!